கேலரிக்கு நன்று, பயிற்சித் திடலுக்குப் போதாது: கிக் இட் அவுட் புகார்ச் சேவை

இங்கிலாந்துக் கால்பந்தில் இனம், நிறம், மதம் ஆகியவற்றின் பெயரால் நடக்கும் இழிவுபடுத்தலைக் கண்டவரும் கேட்டவரும் அதற்கு ஆளானவரும் முறையிடுவதற்கென்று கிக் இட் அவுட் அமைப்பு கட்டணமில்லாத புகார்ச் சேவை ஒன்றை நடத்திவருகிறது. 1993இல் இனவெறிக்கு எதிரான பிரசார இயக்கமாகத் தொடங்கி, 1997இல் இப்போதைய பெயரை ஏற்று, 2013இல் கைபேசிச் செயலியையும் வெளியிட்ட இந்த அமைப்பை, ரசிகரின் தேவையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் குறைசொல்ல அதிகம் இருக்காது. இந்த மதிப்பீட்டில் நான் வேறொரு நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். வசைச்சொல்லைச் சொன்னவர் கேலரியில் அமர்ந்திருக்கும் முகமறியா ரசிகர் அல்லர், அணியின் பயிற்சியாளர். சனிக்கிழமை ஆட்டத்தில் யார் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது, யாருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்பதை முடிவுசெய்யும் ஆள். அப்போது இந்தச் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே என் கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படிவம் எளிமையானது. சம்பவம் தொழில்முறைக் கால்பந்தில் நடந்ததா, உள்ளூர் ஆட்டத்தில் நடந்ததா, சமூக ஊடகத்தில் நடந்ததா என்ற பிரிப்பில் தொடங்கி, நாள், இடம், சொன்னவர், சொல்லப்பட்ட வார்த்தைகள் என்று படிப்படியாகச் செல்கிறது. பெயரைத் தெரிவிக்க வேண்டிய கட்டாயமில்லை. பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்பதுமில்லை. பக்கத்தில் நின்று கேட்டவரும் எழுதலாம். விசாரிக்கவோ தண்டிக்கவோ அமைப்புக்கு அதிகாரம் கிடையாது என்பதால், வந்த புகாரை உரிய கிளப்புக்கோ, இங்கிலாந்துக் கால்பந்து சங்கமான எஃப்ஏவுக்கோ, காவல்துறைக்கோ, சமூக ஊடக நிறுவனத்துக்கோ அனுப்பிவைத்து அது பின்தொடர்கிறது. கேலரியில் எந்தப் பகுதி, எந்த வரிசை என்று ரசிகர் குறிப்பிட்டால் மைதானக் கேமராப் பதிவில் ஆளைத் தேட முடியும். மக்கள் இதை நம்பிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு எண்ணிக்கையே சான்று: 2022-23 பருவத்தில் 1,007 புகார்கள், அடுத்த பருவத்தில் 1,332, அதற்கடுத்த 2024-25இல் 1,398. இனவெறி வளர்ந்துவிட்டதா, முறையிடும் துணிவு வளர்ந்துவிட்டதா என்பதை இந்த எண்களிலிருந்து பிரித்தறிய முடியாது; இரண்டுமே நடந்திருக்கக் கூடும்.

பயிற்சியாளர்களின் வாயிலிருந்து வந்த இனவெறிச் சொற்கள் வெளியுலகுக்கு எப்படித் தெரியவந்தன என்று பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. 2004 ஏப்ரலில் மொனாக்கோ, செல்சி அணிகளுக்கு இடையிலான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி முடிந்த பின், செல்சி வீரர் மார்செல் தெசாயியைப் பற்றி ரான் அட்கின்சன் சொன்ன இழிசொல் வெளியே வந்ததற்குக் காரணம், அணைந்துவிட்டதாக அவர் நினைத்த மைக் அணையாமல் இருந்ததுதான். அப்போது அவர் வர்ணனையாளர். அதற்கு முன் வெஸ்ட் பிராம்விச், மான்செஸ்டர் யுனைடெட் போன்ற அணிகளின் பயிற்சியாளர். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸ், தன் வீரர் ஹோசே அன்டோனியோ ரேயெஸிடம் பிரெஞ்சு வீரர் தியரி ஹென்றியைக் குறித்துச் சொன்ன வசை பயிற்சியின்போது தொலைக்காட்சிக் கேமராவில் பதிவானது. மால்கி மக்காய் கார்டிஃப் அணியின் பயிற்சியாளராக இருந்தபோது பரிமாறிய குறுஞ்செய்திகள், வீரர் ஒப்பந்தங்கள் பற்றிய வேறொரு விசாரணைக்காகக் கைபேசிகளையும் கணினிகளையும் கைப்பற்றியபோது கிடைத்து 2014இல் வெளியாயின. அமெரிக்கக் கால்பந்தில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் பயிற்சியாளர் ஜான் குரூடன் 2021 அக்டோபரில் பதவி விலகியதற்குக் காரணமான மின்னஞ்சல்களும் வாஷிங்டன் அணியின் பணியிடச் சூழலைப் பற்றிய தனி விசாரணையில் அகப்பட்டவையே. மைக், கேமரா, கைபேசி, மின்னஞ்சல் என எல்லாமே தற்செயல். எங்கோ ஒரு வீரர் எந்தப் படிவத்தையும் நிரப்பி இவை வெளிவரவில்லை.

இதற்கு மாறாக வீரர்களே வாய்திறந்து வெளிவந்தது கிராலி டவுன் விவகாரம். இந்தச் சேவையை எடைபோட அதைவிடப் பொருத்தமான உரைகல் இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்தின் நான்காம் நிலை லீகில் ஆடிய அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் யெம்ஸ் 2019க்கும் 2022க்கும் இடையில் தன் வீரர்களிடம் பேசிய பேச்சுக்காக எஃப்ஏ அவர்மீது 16 குற்றச்சாட்டுகளைப் பதிந்தது. ஒன்றை அவர் ஒப்புக்கொண்டார், பதினொன்றை மறுத்தும் அவை நிரூபணமாயின, நான்கு நிரூபணமாகவில்லை. முஸ்லிம் வீரர்களைப் பயங்கரவாதிகள், தற்கொலைப்படையினர் என்றதும், ஆசிய வம்சாவளி வீரர்களை, அவர்களின் குழம்புச் சாப்பாட்டைக் குத்திக்காட்டி, கறி தின்பவர்கள் என்று பழித்ததும் அவற்றில் அடங்கும். சாப்பாட்டில் கறி பீட்சா இல்லையென்று ஒரு வீரருக்கு வருத்தம் என்ற கிண்டலும் உண்டு. தனியே எடுத்துப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இந்த ஒரு வாக்கியம் எனக்கு மிக முக்கியமானது. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் தெற்காசிய வம்சாவளியினர் மிகச் சொற்பம். தமிழ்ப் பிள்ளைகள் உட்பட அந்த வாசலை எட்டிப்பிடிக்க வார இறுதிகளில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை, எட்டிய பின் அங்கே என்ன பேச்சு வரவேற்கிறது என்பதை அது காட்டுகிறது.

இதைப் படிவத்தில் எழுத முயன்று பாருங்கள். எந்த நாள், எந்த ஆட்டம் என்ற கேள்விக்கு என்ன விடை? பருவம் முழுவதும் என்பதே உண்மையான விடை. சாட்சி யார் என்றால், அதே பயிற்சியாளரின் தயவில் இருக்கும் சக வீரர்கள். பெயரை மறைக்கலாம் என்ற வசதியும் இங்கே பெயரளவில்தான் உதவும், ஏனெனில் இருபது சொச்சம் பேர் உள்ள அணியில் ஆசிய வம்சாவளி வீரர்கள் எத்தனை பேர், கறி பீட்சாப் பேச்சு யாரைக் குறித்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கிராலி வீரர்கள் பலராகச் சேர்ந்து தங்கள் தொழிற்சங்கமான பிஎஃப்ஏவை நாடியதில் வியப்பில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய சர்ச்சை. 2023 ஜனவரியில் சுயேச்சை ஒழுங்குக் குழு யெம்ஸுக்குப் பதினேழு மாதத் தடை விதித்தது. கூடவே, அவர் உணர்ந்து செயல்பட்ட இனவெறியர் அல்லர் என்று தான் ஏற்பதாகவும் எழுதிவைத்தது. அவருடைய பேச்சு கேட்டவர்களுக்கு இனவெறியாகவும் இஸ்லாமிய வெறுப்பாகவும் பட்டது என்று அதே குழுதான் சொன்னது. கிக் இட் அவுட் இந்த முடிவைப் பாதிக்கப்பட்டவர்களின் கன்னத்தில் விழுந்த அறை என்று வெளிப்படையாகக் கண்டித்தது. எஃப்ஏ மேல்முறையீடு செய்ய, ஏப்ரலில் தடை மூன்று ஆண்டுகளாக உயர்ந்தது. இந்த இடத்தில் அமைப்பின் குரல் தயங்காமல் ஒலித்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

நோக்கம் என்ன என்று தேடும் இந்தப் பழக்கம் விதிப்புத்தகத்தில் இல்லாதது என்பதுதான் வேடிக்கை. 2011இல் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பாட்ரிஸ் எவ்ராவிடம் லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரெஸ் பேசிய பேச்சை விசாரித்த குழு, சொன்ன சொல் இழிவானதா என்பதைப் புறவயமாகவே முடிவுசெய்ய வேண்டும், சொன்னவர் இழிவுபடுத்த நினைத்தாரா என்பது தேவையில்லை என்று தெளிவாக விளக்கி, எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. ஆயினும் குற்றம் நிரூபணமான பின் தண்டனையை அளக்கும் கட்டத்தில் நோக்கம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நியூகாசில் இளையோர் அணியின் பயிற்சியாளராக இருந்த பீட்டர் பியர்ட்ஸ்லிக்கு 2019இல் 32 வாரத் தடை விதித்த குழுவும், இன அடிப்படையில் பிறரை வெறுப்பவர் என்ற பொருளில் அவர் இனவெறியர் அல்லர் என்று குறிப்பிடத் தவறவில்லை. ரேயெஸை ஊக்குவிப்பதற்காகவே அப்படிச் சொன்னதாக விளக்கம் தந்த அரகோனெஸுக்கு ஸ்பானிய சம்மேளனம் விதித்த அபராதம் 3,000 யூரோ. பதவியில் தொடர்ந்த அவர் 2008இல் யூரோ கோப்பையையும் வென்றார். அட்கின்சனுக்காகப் பரிந்து பேசியவர்கள் எடுத்துக்காட்டியது, எழுபதுகளின் இறுதியில் வெஸ்ட் பிராம்விச்சில் மூன்று கறுப்பின வீரர்களை ஒரே அணியில் இறக்கிய அவருடைய பழைய நற்பெயரை.

கேட்டவர்களே தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு, அது இதைவிடச் சிக்கலானது. மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கீத் டாம்ப்ராட் 1993இல் உடை மாற்றும் அறையில் கறுப்பின மக்களைக் குறிக்கும் கொடிய வசைச்சொல்லைப் பயன்படுத்தினார். வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அதே பொருளில்தான் தானும் பேசியதாக அவர் வாதிட்டார். பல்கலைக்கழகம் பதவிநீக்கியபோது அவர் தொடுத்த வழக்கில் வீரர்கள் சிலரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுத் தடைக் கொள்கை அளவுக்கு மீறி விரிந்திருப்பதால் செல்லாது என்றும், பதவிநீக்கம் மட்டும் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. பின்னாளில் அக்ரன் நகரப் பள்ளியொன்றில் இளம் லெப்ரான் ஜேம்ஸுக்குப் பயிற்சி தந்தவரும் இதே டாம்ப்ராட்தான். வீரர்களின் ஒப்புதல் உண்மையானதா, ஆடும் வாய்ப்பு அவர் கையில் இருந்ததால் வந்ததா என்பதை எந்த நீதிமன்றமும் முழுமையாகப் பிரித்துவிட முடியாது. இதனால்தான், பாதிக்கப்பட்டவர் அல்லாதவரும் எழுதலாம் என்ற கிக் இட் அவுட்டின் ஏற்பாட்டை நான் உயர்வாக மதிக்கிறேன். உடல் சிகிச்சையாளரோ சமையற்காரரோ உடைகளைப் பராமரிப்பவரோ கேட்டதை எழுத வழியிருப்பது, வீரரின் தோளிலிருந்து பாரத்தை ஓரளவு இறக்குகிறது.

சேவையின் மிகப் பெரிய பலவீனம் படிவத்தில் இல்லை, பணப்பையில் இருக்கிறது. அமைப்புக்கு நிதி தருபவர்களில் எஃப்ஏ, பிரீமியர் லீக், அதற்கடுத்த நிலை லீகுகளை நடத்தும் இஎஃப்எல், பிஎஃப்ஏ ஆகியவை முக்கியமானவை. கண்காணிக்கப்பட வேண்டியவர்களே படியளக்கிறார்கள். 2012 அக்டோபரில் ரியோ ஃபெர்டினாண்ட், ஜேசன் ராபர்ட்ஸ் முதலான வீரர்கள் கிக் இட் அவுட் டி-ஷர்ட்டை அணிய மறுத்தது, ஃபெர்டினாண்டின் தம்பி அன்டனைச் செல்சி வீரர் ஜான் டெர்ரி இனவெறிச் சொல்லால் வைததாக எழுந்த விவகாரத்தில் இந்த அமைப்பு போதிய உறுதி காட்டவில்லை என்ற மனக்குறையால்தான். அப்போது ஃபெர்டினாண்டின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், இதை உரிய விதத்தில் கவனித்துக்கொள்வோம் என்று பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். இனவெறியை எதிர்க்கும் முறையைப் பற்றி ஒரு மூத்த வீரரே மாற்றுக்கருத்து சொன்னால் பயிற்சியாளரின் சினத்தைத் தாங்க வேண்டியிருந்தது என்றால், பத்தொன்பது வயது வீரர் ஒருவர் அந்தப் பயிற்சியாளரைப் பற்றியே எழுதுவது எளிதா? 2025இல் இயற்றப்பட்ட கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டபோதிலும் அதன் முதன்மை அக்கறை கிளப்புகளின் நிதிநிலையும் உரிமையாளர் தகுதியும்தான். வசைச்சொல் புகார் இப்போதும் எஃப்ஏவின் மேசைக்கே போகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி இருக்கிறது. 2009-10 பருவத்தில் ராக்ஃபோர்ட் அணியில் பயிற்சியாளர் பில் பீட்டர்ஸ் தன்னை இனவெறிச் சொல்லால் வைததாகக் கறுப்பின வீரர் அகீம் அலியு 2019 நவம்பரில் ட்விட்டரில் எழுதினார். எதிர்த்துப் பேசியதற்காகத் தன்னைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பும்படி பீட்டர்ஸ் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார் என்பதும் அலியுவின் குற்றச்சாட்டு. பத்தாண்டு மௌனம், எழுதிய சில நாட்களில் கல்கரி ஃப்ளேம்ஸ் பதவியிலிருந்து பீட்டர்ஸ் விலகினார். அதன் பிறகே வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் முதன்மை லீகான என்எச்எல் புகார்த் தொலைபேசி இணைப்பை அறிவித்தது. அந்த வகையில் கிக் இட் அவுட் பல ஆண்டுகள் முன்னே நிற்கிறது.

ஆட்டத்துக்குப் போகும் ரசிகருக்கும், உள்ளூர்த் திடலில் பிள்ளையை ஆடவிட்டுக் கோட்டோரம் நிற்கும் பெற்றோருக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கிளப்பில் பணிபுரியும் வீரரல்லாத ஊழியருக்கும் அப்படியே. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் என்றால், பேசப்பட்ட சொற்களை நாளும் இடமும் குறித்து அன்றன்றே எழுதிவைத்து, தன்னைப்போல் கேட்ட இன்னும் இருவர் மூவரைச் சேர்த்துக்கொண்டு முதலில் பிஎஃப்ஏவிடம் போகட்டும். கிக் இட் அவுட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். ஒரே ஆட்டத்தில் நிகழ்ந்ததற்கும் பருவம் முழுக்க நீண்டதற்கும் தனித்தனிப் படிவம், பயிற்சியாளர்மீதான புகார் கிளப்பின் கைக்குப் போகாமல் நேரே எஃப்ஏவின் ஒழுங்குப் பிரிவுக்குச் செல்லும் வழி, அங்கே அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதியவருக்கு மாதந்தோறும் ஒரு வரித் தகவல், இந்த மூன்றையும் அமைப்பு சேர்த்துக்கொண்டால் ஐந்துக்கு மூன்று என்ற என் மதிப்பெண்ணை நான்காக உயர்த்துவேன்.