காசிமேட்டுக் காற்றில் ஃபிரிட்ஜ்: கரண்ட் எங்கே போகிறது?

240 லிட்டர் வாக்கில் இருக்கும் இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கும்) ஃபிரிட்ஜைச் சென்னையின் கடலோரம், ராயபுரம், காசிமேடு பக்கம் வருஷக்கணக்கில் ஓட்டினால் ஒன்று புரியும்: ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட்டுக்குள் அது அடங்காது. லேபிள் கணக்கு சோதனைக்கூடத்தில் எடுத்தது. கத்திரி வெயிலில் 35 டிகிரி அடுப்படியும், ஈரக்காற்றும், நிமிஷத்துக்கு ஒருமுறை திறக்கும் கதவும் அங்கே கிடையாது. நாளுக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. இரண்டு மாத பில்லில் 60 யூனிட்.

மொத்தம் 400 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டில் இந்த 60க்கு 300 ரூபாய்க்குள்தான் ஆகும். ஏசி ஓடி 500ஐத் தாண்டிவிட்டால் கடைசி யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் போகின்றன. 101 முதல் 200 வரையிலான சலுகை விலையும் பறிபோகிறது. எனவே எல்லையில் நிற்கும் வீட்டுக்குத்தான் ஃபிரிட்ஜின் சில்லறைச் செலவு வலிக்கும்.

அந்தச் சில்லறையில் பலர் மறப்பது ஸ்டெபிலைசர். சும்மா இருக்கும்போதே 5 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 7.2 யூனிட். ஃபிரிட்ஜிலேயே 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று வோல்ட்டேஜ் எல்லையோடு போட்டிருந்து, உங்கள் தெரு வோல்ட்டேஜும் அதற்குள் இருந்தால், கழற்றிவிடலாம். பழைய, இன்வெர்ட்டர் இல்லாத (ஒரே வேகத்தில் ஓடும்) கம்ப்ரஸருக்கு அது இருக்கட்டும்: கரண்ட் போய் வந்ததும் சில நிமிஷம் தாமதித்து ஆன் செய்வது அதன் முக்கிய வேலை.

இங்கே பெரிய செலவாளி ஈரம். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் கடல்காற்று, ஃப்ரீசருக்குப் பின்னாலுள்ள கூலிங் காயிலில் பனியாகப் படிகிறது. அதை உருக்க ஹீட்டர் ஓட வேண்டும். உள்ளே புகுந்த அந்தச் சூட்டை மறுபடி வெளியேற்றக் கம்ப்ரஸர் ஓட வேண்டும். மார்க்கெட்டிலிருந்து வந்த கவலை மீனைத் தண்ணீரோடு கவரில் திணிக்காமல், வடித்து, மூடி போட்ட டப்பாவில் தட்டையாக அடுக்குங்கள், சீக்கிரம் உறையும். பின்சுவர்க் காற்றுத் துளையை மட்டும் அடைக்கக் கூடாது. இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் மூடி வேண்டும்.

கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ரப்பர் சரியாக ஒட்டாத இடத்தில் நோட்டு வழுக்கிக்கொண்டு வரும். மடிப்பில் கறுப்பு பூஞ்சை இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வளைந்த இடத்தை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி நேராக்கலாம். ரப்பர் விறைத்துப் போயிருந்தால் மாற்றுவதே வழி. கதவைச் சுற்றிய சட்டம் சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம். அங்கே நீர் கோக்காமலிருக்கச் சூடான கேஸ் குழாயை ஓட்டியிருப்பார்கள்.

மேலே ஐஸ் கல்லாக இருக்க, கீழே பால் திரிந்து, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அணைத்துத் திறந்து வையுங்கள். சரியாகி, பத்து நாளில் அதே கதை திரும்பினால் ஹீட்டர், பைமெட்டல் (சூடேறினால் ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச்), டைமர் மூன்றையும் மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் போட்டால் தீராது.

புதிதாக வாங்குவோர் கூடுதல் ஸ்டாருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாடலுக்கும் வருஷத்துக்கு 60 யூனிட் வித்தியாசம் என்றால் மிச்சம் 300 முதல் 500 ரூபாய். விலை 5,000 கூடுதலாக இருந்தால் அதை மீட்கப் பத்து முதல் பதினேழு வருஷம் பிடிக்கும். அதற்குள் உப்புக்காற்று பின்பக்கத் தகட்டையும் கம்ப்ரஸர் அருகே உள்ள பற்றவைத்த இணைப்புகளையும் அரிக்கத் தொடங்கிவிடும். வருஷத்துக்கு இரண்டு முறை பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தைத் தூசி தட்டி உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கேஸ் கசிந்தே விட்டால், ஆர்600ஏ (ஐசோபியூட்டேன்) என்ற குளிரூட்டும் கேஸில் ஓடும் மாடலுக்கு மெக்கானிக்கிடம் டிஜிட்டல் தராசு இருக்கிறதா என்று கேளுங்கள். மொத்த அளவே சில பத்து கிராம்தான். கம்ப்ரஸர் பக்கத்து லேபிளில் எழுதியிருக்கும். கைக்கணக்கில் கூடுதலாக ஏற்றினால் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயில் பனி பிடித்து, பில்லும் ஏறும். எளிதில் தீப்பிடிக்கும் கேஸ் என்பதால் ஜன்னலைத் திறக்காமல், அடுப்பை அணைக்காமல் குழாயை ஒட்டும் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்க விடாதீர்கள்.