டர்பன் காது மூக்கு தொண்டை கிளினிக்: அப்பாவின் குறட்டைக்குக் காரணம் கண்டுபிடித்த இடம்

அப்பா ஒல்லி, ஆனாலும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சீபேப் மெஷின் மாட்டியும் சரியாகவில்லை என்பதால் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பனில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அவசரமே படாமல் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு பக்க டான்சில் மட்டும் நடுவே தள்ளி நிற்கிறது என்று உடனே எம்ஆர்ஐ எழுதினார். தொண்டைக்குப் பக்கவாட்டு இடைவெளியில் கட்டி, அதுதான் டான்சிலைத் தள்ளி மூச்சை அடைத்திருக்கிறது! தலை, கழுத்துக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட இந்த இடத்தில் வராதாம். வந்தாலும் பெரும்பாலும் புற்று இல்லை, உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து மெல்ல வளர்வதுதான் அதிகம் என்று படம் வரைந்து காட்டினார். கழுத்து வழியாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், அப்புறம் அப்பா நன்றாகத் தூங்குகிறார். கட்டணம் அதிகம், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) முழுசாகத் தரவில்லை, காத்திருக்கும் அறையிலும் நெரிசல். இருந்தாலும் ஒல்லியானவர் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால் தயங்காமல் இங்கே கூட்டி வாருங்கள்.