ஓட்டு வீட்டுக்கு எந்த நிறம்: வெள்ளையும் காவியுமா, ஷேடு கார்டா?

நாங்குநேரிப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்குத் தை மாதம் வெளிப்பூச்சு முடித்தோம். முன்கட்டு திண்ணையும் நாட்டு ஓடுமாகப் பழையது. பின்கட்டு பிற்பாடு சேர்த்த சிமெண்ட் கட்டடம். பேச்சு வந்தபோது மூன்று யோசனைகள் இருந்தன. சித்தப்பா வெள்ளைச் சுவரும் அடியில் காவிப் பட்டையும் என்றார். பெயிண்டர் சந்தன நிறமும் பிரவுன் பார்டரும் என்றார். தம்பிக்கு, இப்போது எல்லா ஊரிலும் தெரிகிற கிளிப்பச்சை, கத்தரிப்பூ, ஆரஞ்சு வகையில் ஆசை. கடைசியில் வெள்ளையும் காவியும்தான் அடித்தோம். அதே இடத்தில் நின்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பளிச் நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடி வைத்த புது வீட்டில், சுற்றி இடம் விட்டுக் கட்டியிருந்தால், அவை நன்றாகவே இருக்கின்றன. ஓட்டு வீட்டில் கூரையே பாதி முகப்பு. அந்தச் செம்பழுப்புக்குக் கீழே கத்தரிப்பூ வந்தால் ஓடும் சுவரும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. அங்கே ஒரு வீட்டின் நிறம் மாறினால் அந்த வரிசையின் முகமே மாறிவிடும். தவிர, மேற்கு பார்த்த சுவரில் அடர் நிறம் வெயிலை இழுக்கும். சித்திரை வெயிலை அறிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம்.

சந்தன நிறம் நல்ல போட்டிதான். கண்ணை உறுத்தாது, தூசி உடனே தெரியாது, ஓட்டோடும் ஒத்துப்போகும். பார்வை மட்டுமே கணக்கு என்றால் நானும் அதற்கே சம்மதித்திருப்பேன்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது அடிச்சுவர். தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரம் வரை உள்ள பகுதி. நாட்டு ஓட்டுக் கூரைக்குத் தகரத் தூம்பு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இறவாரத் தண்ணீர் நேராக வாசல் மண்ணில் விழுந்து, செம்மண்ணோடு சுவரில் தெறிக்கும். ஒரே மழைக்காலத்தில் அடிச்சுவர் முழுக்கச் சிவப்புப் புள்ளியாகிவிடும். போதாததற்கு, அஸ்திவார ஈரம் மேலே ஏறி உப்புப் பூப்பதும் அங்கேதான்; சைக்கிள் சாய்ப்பதும் ஆடு உரசுவதும் அங்கேதான். சுவரின் மற்ற பகுதி நன்றாக இருக்கும்போதே அடி மட்டும் கெட்டுவிடும்.

சந்தனம் மாதிரி ஷேடு கார்டில், அதாவது பெயிண்ட் கம்பெனியின் நிற அட்டையில் பார்த்து எடுக்கும் நிறமாக இருந்தால், அதைச் சரிசெய்வது பெரிய பாடு. அதே ஷேடு நம்பரைச் சொல்லிக் கடையில் கலந்து வாங்கினாலும், மேலே உள்ளது வெயிலில் வெளுத்திருக்கும். டச்சப் செய்த இடம் தேமல் போலத் தனியாகத் தெரியும். அதனால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். ஏணி, சாரம், ஆள் கூலி எல்லாம் வந்துவிடும். பெயிண்ட் விலையைவிடக் கூலிதான் கையைக் கடிக்கும்.

காவிப் பட்டை அப்படியில்லை. தெறிக்கும் மண்ணும் பட்டையும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் அழுக்கு பாதி கண்ணுக்கே படாது. மீதியை மழை முடிந்ததும், பொங்கலுக்கு முன்னால், நின்ற இடத்தில் நின்றே அடித்துவிடலாம். மேல் வெள்ளையைத் தொட வேண்டாம். காவி என்பது அடிப்படையில் இரும்பு ஆக்சைடு, அதாவது ஏற்கெனவே துருவாகிப்போன பொருள். வெயிலில் வெளுக்காது, சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. அதனால் அடுத்த வருஷம் அடிக்கும் காவி இந்த வருஷத்துக் காவியோடு சேரும். கத்தரிப்பூ, ரோஸ் வகைகளில் பலவற்றுக்கு இந்த உறுதி கிடையாது.

இதோடு சேர்ந்தது சுவரின் பூச்சு. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை 1949-லேயே வந்துவிட்டாலும், பழைய கிராமத்து வீடுகளில் பலவற்றுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். அதன்மேல் எமல்ஷன், அதாவது பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டைக் கொப்பளமாகத் தள்ளும், பிறகு தோல் தோலாக உரியும். சுண்ணாம்பு வெள்ளை ஈரத்தை வெளியே விடும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். எனவே முன்கட்டுக்கு, நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, பசையும் துளி நீலமும் சேர்த்து அடித்தோம். ஒரே கோட்டில் தடிப்பாக அடிக்காமல் மெல்லிய கோட்டாக மூன்று அடிக்கச் சொல்லுங்கள். தடிப்பாக அடித்தால் பொருக்குத் தட்டும்.

குறைகளும் உண்டு. திண்ணையில் சாய்கிறவர் சட்டையில் வெள்ளை ஒட்டும். பசை சரியாகச் சேர்ந்தால் குறையும், முழுக்கப் போகாது. மரநிழல் விழும் வடக்குச் சுவரில் பாசி படிந்தால் வெள்ளையில் அப்பட்டமாகத் தெரியும். வருஷா வருஷம் கை வைக்க ஆளில்லாத, பூட்டியே கிடக்கிற வீடு என்றால் சந்தன நிறமே நிம்மதி என்று சொல்வேன். நான் பார்த்ததெல்லாம் செம்மண் ஊர்கள். கயத்தாறு தாண்டிக் கரிசலுக்குப் போனால் தெறிக்கும் மண்ணே கறுப்பு. அங்கே காவிக்கு இந்தச் சலுகை கிடைக்காது. உவரி போன்ற கடலோர ஊர்களில், உப்புக் காற்றில் சுண்ணாம்பு எத்தனை காலம் நிற்கும் என்பதை அங்கேயே வீடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டையைக் கிடையாக மட்டும் அடியுங்கள். வெள்ளையும் காவியும் செங்குத்தாக மாறி மாறி வந்தால் அது கோயில் மதில். வீட்டுக்கு அது பொருந்தாது.

பின்கட்டு சிமெண்ட் பூச்சு என்பதால் அங்கே சுண்ணாம்பு அடிக்கவில்லை. பிரைமர் கொடுத்து, முன்கட்டோடு சேர்கிற மாதிரி பழுப்பு வெள்ளையில் எமல்ஷன் அடித்தோம். அடிப்பட்டைக்கு ஷேடு கார்டிலேயே காவிக்கு நெருங்கிய, பளபளப்பில்லாத நிறமாகத் தேடி எடுத்தோம். காவிப் பொடியைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்ட பிறகே கலக்கச் சொன்னோம். கடை விளக்கில் அந்த நிறம் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது.