கொல்லைப்புறத்து மேசை: கல்லா, மரமா, இரும்பா?

வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி நிழல் இருந்தாலே போதும், மாலைக் காப்பியை அங்கே எடுத்துக்கொண்டு போய்க் குடிக்க மனம் வந்துவிடும். எங்கள் கொல்லையில் ஒரு மாமரம் நிற்கிறது. அதன் அடியில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும்படி மேசையும் பெஞ்சுகளும் போட வேண்டும் என்று தொடங்கிய தேடல், கடப்பா கல், இரும்பு, பிளாஸ்டிக், மரம் என்று ஒவ்வொன்றையும் வெயிலிலும் மழையிலும் வைத்துப் பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வந்தது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். பிக்னிக் டேபிள் என்று கேட்டால், மேசையோடு இரண்டு பக்கமும் பெஞ்சுகளைச் சேர்த்து ஒரே சட்டமாக அடித்ததைத்தான் கடைகளில் முதலில் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், இடமும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் அதில் உட்கார வேண்டுமானால் ஒரு காலைத் தூக்கி பெஞ்சுக்கு மேலாகப் போட்டு, பிறகு மற்ற காலையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். புடவை கட்டியவர்களுக்கும், வேட்டி கட்டியவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது ஒவ்வொரு வேளையும் ஒரு சோதனை. உறவினர் வீட்டில் அப்படிப்பட்ட மேசை ஒன்றில் அம்மா ஒரு முறை விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்தே சாப்பிட்டு எழுந்ததைப் பார்த்த அன்றே, ஒட்டுப் பெஞ்சு நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தவிரவும், மேசை எடை குறைந்ததாக இருந்து, ஒரு பக்கத்தில் உள்ளவர்கள் எழுந்துகொள்ள மறுபக்கத்தில் கனத்த உடம்புக்காரர் இருவர் உட்கார்ந்திருந்தால், முழுச் சட்டமும் அவர்கள் பக்கமாகச் சாயக்கூடும். ஆகவே பெஞ்சு தனி, மேசை தனி என்பதே என் பரிந்துரை. மேசை தரையிலிருந்து 30 அங்குல உயரமும் பெஞ்சு 18 அங்குல உயரமும் இருந்தால் கை வைத்துச் சாப்பிட வசதியாக இருக்கும். ஓர் ஆளுக்கு இரண்டடி என்று கணக்கிட்டால், ஆறடி நீள மேசையில் பக்கத்துக்கு மூவர் உட்காரலாம்.

இப்போது பொருளுக்கு வருவோம். கல் என்றதும் பலரும் கடப்பா கல்லை நினைக்கிறார்கள், ஏனென்றால் அது மலிவு, சமையல் மேடையில் பார்த்துப் பழகியதும்கூட. ஆனால் கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது, புளிப்பு பட்டால் அரிக்கும். நாங்கள் முதலில் போட்டிருந்த கடப்பா பலகையில், பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை இரவு முழுக்க மறந்து வைத்துவிட்டோம். காலையில் எடுத்துப் பார்த்தபோது, அது கவிழ்ந்திருந்த இடத்தில் மூடியின் அளவுக்கே ஒரு வெளிறிய வளையம் விழுந்திருந்தது. விரலால் தடவினால் சுற்றியிருந்த வழுவழுப்பு அங்கே மட்டும் இல்லை. எத்தனை முறை தேய்த்தும் அது போகவில்லை. புளிக்குழம்பும் ஊறுகாயும் நாள்தோறும் சிந்தும் வீட்டில் கடப்பா மேசை இப்படித்தான் புள்ளி புள்ளியாகப் போகும். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. மழையில் ஊறாது, கறையான் தொடாது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலேயே வெட்டியெடுக்கப்படுவதால் நிறத்துக்கும் பஞ்சமில்லை.

கிரானைட்டின் குறைகள் இரண்டு. ஒன்று எடை: ஆறடிக்கு இரண்டரையடிப் பலகை 20 மி.மீ. கனத்தில் சுமார் 75 கிலோ இருக்கும், 30 மி.மீ. என்றால் 110 கிலோவைத் தாண்டும். எனவே ஒரு முறை வைத்தால் வைத்ததுதான், இடத்தை யோசித்துத்தான் வைக்க வேண்டும். மற்றது சூடு. கறுப்புக் கல் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாதபடி காய்ந்துவிடும், வெயில் தாழ்ந்த பிறகும் அந்தச் சூடு சட்டென்று இறங்காது. மேசையாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், உட்காரும் பெஞ்சாக இருந்தால் முடியாது.

அந்த இடத்தில்தான் மரம் முன்னால் வந்து நிற்கிறது. அதே அளவுள்ள ஓரங்குலத் தேக்குப் பலகை ஏறக்குறைய 23 கிலோதான் இருக்கும், வெயிலில் கிடந்தாலும் உட்கார முடியும். தேக்கின் வைரத்தில், அதாவது மரத்தின் நடுவே நிறம் கறுத்து முற்றிய பகுதியில், இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கறையானும் பூஞ்சணமும் எளிதில் அண்டுவதில்லை. ஆனால் இந்தப் பெருமை வைரத்துக்கு மட்டுமே உரியது. இளம் மரத்தை அறுத்த பலகைகளில் ஓரமாக ஓடும் வெளிறிய பட்டையை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள், அந்தப் பகுதியைக் கறையான் தயங்காமல் தின்னும். தேக்கு என்று பெயர் சொல்லி வாங்கிய பெஞ்சு மூன்றே ஆண்டில் பொடிந்துபோயிற்று என்று யாராவது வருந்தினால், பெரும்பாலும் வெள்ளை கழிக்கப்படாத பலகையாகத்தான் இருக்கும். வேம்பும் பூச்சிக்கு ஈடுகொடுக்கும் மரம்தான், ஆனால் சரியாக உலராமல் அடித்தால் வளையும், வெடிக்கும். ரப்பர் மரத்தையும் பிளைவுட்டையும் திறந்த வெளிக்கு வாங்கவே வேண்டாம்.

மர பெஞ்சு கெடத் தொடங்குவது பெரும்பாலும் காலின் அடியில்தான். நார்கள் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும் அந்த முனை ஈர மண்ணில் பதிந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கறையானுக்கும் அதுவே வாசல். பழைய வீடுகளில் மரத்தூணை நேரே தரையில் ஊன்றாமல் கல் பீடத்தின் மேல் நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வழியை இங்கும் கடைப்பிடித்து ஒவ்வொரு காலுக்கும் ஒரு துண்டுக் கல்லைக் கொடுத்துவிட வேண்டும். மேலே கெட்டியாக வார்னிஷ் பூசினால் வெயிலில் செதில் செதிலாக உரியும். எண்ணெய் தேய்த்துவிடலாம், அல்லது ஒன்றும் பூசாமல் சாம்பல் நிறத்துக்கு மாற விட்டுவிடலாம். அதனால் தேக்கின் உறுதி குறைவதில்லை.

இரும்பு மலிவு, பட்டறையில் நாம் கேட்ட அளவில் செய்து தருவார்கள். ஆனால் அதற்குத் தொடர்ந்து ஊழியம் செய்ய வேண்டும். சதுரக் குழாய்க்குள் இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளிருந்தே துரு தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே கால் ஓட்டையாகிவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மேலானது என்றாலும், வெல்டிங் வைத்த இடங்களில் அந்தப் பூச்சு எரிந்துபோவதால் துரு அங்கிருந்தே தொடங்கும். அந்த இணைப்புகளுக்குத் துத்தநாகம் கலந்த பூச்சு அடிக்கச் சொல்ல வேண்டும். கடலோர ஊர்களில் இரும்பை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே துருப்பிடிக்காத எஃகிலும் 304 வகையில் பழுப்புக் கறை படியும், 316 வகைதான் உப்புக்காற்றைத் தாங்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

பிளாஸ்டிக் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தூக்க எளிது, விருந்துக்கு எடுத்துப் போட்டு மறுபடி உள்ளே அடுக்கிவிடலாம் என்பவர்களுக்குச் சரி. வெளியிலேயே கிடந்தால் வெயில் பட்டு நிறம் வெளுத்து, மேற்பரப்பு மாவுபோல் கையில் ஒட்டும். அதன் பிறகு ஒரு நாள் உட்காரும்போதே காலில் விரிசல் விடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, மேசையும் பெஞ்சும் ஒரே பொருளில் ஒரு செட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். புளியும் எண்ணெயும் சிந்துவது மேசையில், உடம்பு படுவது பெஞ்சில். ஆகவே மேசைக்கு 30 மி.மீ. கிரானைட், உட்காருவதற்கு வெள்ளை கழித்த தேக்கு. பலகையை இரண்டு செங்கல் கால்களின் மேல் சிமென்ட் வைத்துப் பதித்து, தண்ணீர் வழிய ஒரு பக்கம் அரை அங்குலம் சரிவு கொடுத்து, குழந்தைகள் இடித்துக்கொள்ளாதபடி விளிம்புகளை உருட்டிவிடச் சொன்னோம். மாமரம் பூக்கும் மாதங்களில் தத்துப்பூச்சியின் தேன் போன்ற கழிவு சொட்டி, அதன் மேல் கரும்பூசணம் படிந்து எல்லாம் பிசுபிசுக்கும். அப்போது கல்லைத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். இரு பெஞ்சுகளையும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுகிறோம், ஐப்பசி மழை தொடங்கும்போதும் அப்படியே.