250 ஜிஎஸ்எம் லாரி தார்ப்பாய்: புயல் மழைக்குத் தாங்குமா?

தண்ணீர் இறங்காது, கேன்வாஸ் மாதிரி நனைந்து கனக்காது. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்ற கணக்கு. வாங்கும்போது தராசில் வைத்துப் பாருங்கள்: 24க்கு 18 அடிப் பாய் 10 கிலோ இருக்கணும். 8 கிலோதான் என்றால் அது 200 ஜிஎஸ்எம், ஒட்டியிருக்கும் லேபிள் என்ன சொன்னாலும் சரி.

குறை, ஓரத்து அலுமினிய வளையங்கள். பாய் காற்றில் படபடத்தால் துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதை நம்பாமல், மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு பாடிக் கொக்கியில் இறுக்குங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும். வழியில் நிறுத்தி மறுபடி இறுக்கியே ஆகணும். இரண்டு பாய் போட்டால் முன்பாய் பின்பாயின் மேல் 3 அடி ஏறட்டும். மாற்றிப் போட்டால் எதிர்காற்று புகுந்து பலூன்தான். சரக்கின் கூர்மூலைகளுக்குப் பழைய டியூப் துண்டு கட்டாயம்.