சபைத் தலைவர்களுக்கு ஒரு ஜெப முகாம்: பொருளாளர் பார்வையில்

ஆயர்களுக்கும் சேகர கமிட்டிக்காரர்களுக்கும் (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளை நிர்வகிப்பவர்கள்) என்றே பரங்கிமலைப் பக்கம் ஒரு ஜெப முகாம் நடத்துகிறார்கள். வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி இரவு முடிந்துவிடும், ஞாயிறு ஆராதனைக்கு அவரவர் சபைக்குப் போய்விடலாம். தலைக்கு 1,200 ரூபாய், சாப்பாடும் படுக்கையும் சேர்த்து. நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்லவும் சில விஷயங்கள் இருக்கின்றன, நடத்துகிறவர்களோ நல்ல மனுஷர்கள். சென்னையில் சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி அழைப்பு எங்கிருந்தாவது வந்துகொண்டேதான் இருக்கும். வந்தால் எதைப் பார்த்துப் பெயர் கொடுக்கலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் பெரம்பூர்ப் பக்கம் ஒரு சபையின் பொருளாளர். காணிக்கை எண்ணுவது, ரசீது போடுவது, ஆடிட்டருக்கு வவுச்சர் ஒட்டுவது, இதுதான் என் ஊழியம். எங்கள் கமிட்டியில் ஜெபத்துக்குக் குறைவில்லை. ஆரம்ப ஜெபம் உண்டு, முடிவு ஜெபம் உண்டு, நடுவில் குரல் உயர்ந்தால் ஓர் அவசர ஜெபமும் உண்டு. அந்த மூன்றாவதுதான் எனக்கு உறுத்தல். கல்லறைத் தோட்டத்துச் சுவர் இடிந்து கிடக்கிறது, கொட்டேஷன் வாங்கலாமா என்று கேட்டால், "இதை ஜெபத்தில் வைப்போம் சிஸ்டர்" என்பார்கள். அவ்வளவுதான், அடுத்த மழைக்கு இன்னும் நாலு கல் விழும்.

அப்புறம் குத்தல் ஜெபம் என்று ஒன்று இருக்கிறது. "கர்த்தாவே, கணக்கில் உண்மையாய் இருக்கிற இருதயத்தை எங்களுக்குத் தாரும்" என்று ஓர் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொல்வார். மூடிய கண்ணோடேயே மொத்த மேஜையும் என் பக்கம் திரும்பும். பதில் சொல்லவும் வழியில்லை, அவர் பேசியது என்னிடம் இல்லையே!

இந்த மனநிலையில்தான் ஆயரும் செயலரும் நானுமாகப் போனோம். சென்ட்ரலில் மெட்ரோ பிடித்தால் பச்சைத் தடத்தின் கடைசி நிறுத்தம் பரங்கிமலை. அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான்.

வெள்ளி இரவுக் கூட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. சிறிய ஹாலுக்குத் தேவையில்லாத பெரிய ஸ்பீக்கர், விடாத கீபோர்டு, வெளியிலிருந்து வரவழைத்த ஒரு பேச்சாளர். மோசே கையை உயர்த்தினபோது இஸ்ரவேல் ஜெயித்தது, தாழவிட்டபோது அமலேக்கு ஜெயித்தான் என்ற பகுதியை எடுத்தார். தலைவன் கை ஓங்கியிருந்தால் சபை வளரும், காணிக்கை பெருகும் என்று முடித்துவிட்டார். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆரோனும் ஊர் என்கிற பெயருடைய இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கையைத் தாங்குகிறார்கள். கீழே பள்ளத்தாக்கில் யோசுவா வாளோடு நிற்கிறான். பேச்சாளர் சொன்னதில் கல்லும் இல்லை, ஆரோனும் ஊரும் இல்லை, யோசுவாவும் இல்லை. தனியாக ஒரு பெரிய மனிதரும் அவருடைய கையும்தான் மிச்சம். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேஜை போட்டு, மாதாமாதம் தாங்குகிறேன் என்று கையெழுத்துப் போடும் படிவமும் பென் டிரைவும் விற்றார்கள். ரசீதுப் புத்தகம் மேஜையில் இல்லை. தொழில் புத்தி, கண் அங்கேதான் போனது.

திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. சனிக்கிழமைக்காக இருந்தது நல்லதாகப் போயிற்று.

சனி முழுக்க நடத்தியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆயர். மைக் வேண்டாம் என்றுவிட்டார். கையில் பழைய பைபிள், ஒரு சாக்பீஸ். எடுத்தது நெகேமியா. எருசலேம் மதில் இடிந்து கிடக்கிற செய்தி, பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவுக்குக் கிஸ்லே மாதத்தில் வருகிறது. உட்கார்ந்து அழுது, உபவாசித்து ஜெபிக்கிறார். ராஜாவிடம் வாய் திறப்பதோ நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம். ராஜா, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட அந்த நிமிஷத்தில் மறுபடி ஒரு ஜெபம், மனசுக்குள் ஒரு மூச்சில் முடிகிற ஜெபம். உடனே கேட்கிறார் பாருங்கள்: எத்தனை நாள் ஆகும் என்று ஒரு கெடு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், ராஜாவின் வனத்தைக் காக்கிற ஆசாப்பிடம் மரம் வாங்க ஒரு கடிதம். "ஜெபித்த நாலு மாசத்தில் மனுஷன் எஸ்டிமேட்டும் போட்டு வைத்திருக்கிறார்" என்றார் ஐயா. ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டேன்.

அதோடு விடவில்லை. எதிரிகள் வருகிறார்கள் என்றதும் ஜெபம்பண்ணி, கூடவே ராப்பகலாகக் காவலும் வைத்த 4ஆம் அதிகாரத்துக்குப் போனார். அடுத்த அதிகாரத்தில் ஏழைகள் வயலையும் பிள்ளைகளையும் அடகு வைத்துவிட்டு வந்து கதறுகிறார்கள். பிரபுக்களைக் கூப்பிட்டு, வாங்கின வட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நேருக்கு நேர் சொல்கிறார் நெகேமியா. அதிபதியாகத் தனக்கு உரிய படியைப் 12 வருஷம் தொடவில்லை என்பதையும் எழுதி வைக்கிறார். மதில் 52 நாளில் முடிந்தது என்பதைத்தான் எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். வட்டியையும் படியையும் ஜெபத்தோடு சேர்த்து ஒருவர் பேசிக் கேட்டது இதுதான் முதல்.

யோசுவாவைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். ஆயி பட்டணத்தாரிடம் தோற்றதும் யோசுவா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு சாயங்காலம் வரை முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். எழுந்திரு, ஏன் இப்படி விழுந்து கிடக்கிறாய் என்று கர்த்தரே கேட்கிறார். காரணம், பாளயத்துக்குள் ஆகான் என்பவன் கொள்ளையில் எடுத்து ஒளித்துவைத்த பொருள் கிடக்கிறது. அதைத் தேடி எடுக்க வேண்டிய நேரத்தில் ஜெபம் போதாது. இரண்டு அதிகாரம் தள்ளி நேர்மாறான சம்பவம் வருகிறது. கிபியோன் ஊரார் தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் போலப் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்தியையும் காட்டி ஏமாற்ற, தலைவர்கள் கர்த்தரிடம் கேட்காமலே உடன்படிக்கை செய்துவிடுகிறார்கள். "எப்போ முழங்கால் போடணும், எப்போ எழுந்திருக்கணும், ரெண்டும் தெரியாதவன் தலைவனா?" என்று கேட்டுவிட்டு டீக்கு விட்டார்.

மத்தியானத்துக்கு முன் மௌன நேரம். மொபைல்களை ஒரு பிரம்புக் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அணைத்துவிட்டு வாங்கியிருக்கலாம். ஒரு பெரியவரின் மாத்திரை அலாரம் கூடைக்குள்ளிருந்து அடித்துக்கொண்டே இருந்தது, எது அவருடையது என்று தேட ஒரு தம்பி மொத்தக் கூடையையும் தரையில் கொட்டினார். விமான நிலையம் பக்கம் என்பதால் தலைக்கு மேலே விமானச் சத்தமும் ஓயாது. மௌனத்தை நம்பிப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். அதிகாலையில் எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்த இயேசுவையும் சீஷர்கள் தேடிக்கொண்டு வந்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றார்கள், உங்களை விமானம் தேடுகிறது, சரி என்று ஐயா சமாளித்தார்.

இந்த முகாமுக்குக் கொடுத்த பணம் மத்தியானப் பயிற்சி ஒன்றுக்கே தகும். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒரு கற்பனைச் சபையின் கமிட்டி அஜெண்டாவைக் கையில் கொடுத்தார்கள். பழுதான ஜெனரேட்டர், கல்லறைக் கட்டணம், பாடகர் குழுவுக்கும் இளைஞர் குழுவுக்கும் மைக் தகராறு, சம்பளம் உயர்த்தக் கேட்கும் கோயில்பிள்ளை (கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்). ஒவ்வொரு பொருளையும் வாசித்ததும் இரண்டு நிமிஷம் எல்லோரும் மௌனமாக ஜெபிக்க வேண்டும். பிறகு வயதில் சிறியவர்தான் முதலில் பேச வேண்டும். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில் இப்படி ஒன்று உண்டாம். முக்கியமான காரியத்துக்கு மடாதிபதி எல்லோரையும் கூட்டிக் கேட்க வேண்டும், நல்ல யோசனையைக் கர்த்தர் பல நேரம் இளையவருக்குத்தான் வெளிப்படுத்துகிறார் என்கிறார் அவர். ஜெபத்தில் பிரசங்கம் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குக் குத்தல் கூடாது என்று ஐயா சாக்பீஸால் போர்டில் எழுதினபோது எழுந்து கைதட்டலாம் போல இருந்தது.

எங்கள் குழுவில் சிறியவள் தாம்பரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண். மௌனம் முடிந்ததும், "கோயில்பிள்ளை அண்ணனுக்கு இப்போ எவ்வளவு தர்றோம்னு பேப்பர்ல போடவே இல்லையே" என்றாள். நாங்கள் ஐந்து பேர், கமிட்டியில் ஊறியவர்கள், ஜெனரேட்டருக்கு மூன்று கொட்டேஷன் வாங்குவது பற்றி மனசில் தயார் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசி வகுப்பில் சாமுவேல். ஜனங்கள் இவர் வேண்டாம், ராஜா வேண்டும் என்று கேட்டு வாங்கியாகிவிட்டது. அவர் எழுந்து நின்று முதலில் கணக்கு ஒப்புவிக்கிறார்: யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாரிடம் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினேன், சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்று ஜனங்கள் சாட்சி சொல்கிறார்கள். அதே அதிகாரத்தில், உங்களுக்காக ஜெபிக்காமல் விட்டால் அது எனக்குக் கர்த்தருக்கு விரோதமான பாவம் என்கிறார், தன்னை வேண்டாம் என்று தள்ளினவர்களைப் பார்த்து. ஐயா இதைப் படித்துவிட்டு, சபையில் உங்களுக்கு ஆகாத மூன்று பேரின் பெயரை எழுதி, ஒரு மாதம் தினமும் அவர்களுக்காக ஜெபியுங்கள், அவர்கள் திருந்த வேண்டும் என்று அல்ல, அவர்கள் வீட்டுக் கஷ்டத்துக்காக, என்றார். கஷ்டம் என்னவென்று தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள் என்றார். எனக்கு மூன்று பெயர் எழுத நேரமே ஆகவில்லை. அவர்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று யோசித்தால்தான் பேனா நின்றது.

கேள்வி நேரத்தில் நான் கை தூக்கி, பொருளாளருக்கு என்று தனியாக ஏதாவது உண்டா ஐயா என்றேன். ஜார்ஜ் முல்லரைச் சொன்னார். பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர், தேவைக்கு மனுஷரிடம் கேட்காமல் ஜெபித்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். வந்த காணிக்கையைப் பைசா சுத்தமாக எழுதி, வருஷா வருஷம் அறிக்கை அச்சிட்டுக் கொடுத்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. "அந்த ரெண்டும் ஒரே புஸ்தகம்மா" என்றார்.

தென்னிந்தியத் திருச்சபை பற்றியும் பேசினார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டவர்களில் தோர்ணக்கல் பேராயர் அசரியா முக்கியமானவர். எல்லோரும் ஒன்றாயிருக்கும்படி என்று இயேசு செய்த ஜெபத்தை நடைமுறைக்குக் கொண்டுவர 28 வருஷம் கமிட்டி கமிட்டியாகப் பேசவேண்டியிருந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று இங்கே கதீட்ரல் ரோட்டில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் திருச்சபை உதயமானபோது அசரியா இல்லை, 1945 தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். இந்தப் பகுதியை அவசர அவசரமாக முடித்தார்கள். வெள்ளி இரவுப் பேச்சைப் பாதியாக்கி இதற்கு நேரம் கொடுத்திருக்கலாம்.

மற்ற விஷயங்கள். சாப்பாடு பிரமாதம்: காலையில் பொங்கல், வடை, மத்தியானம் கோழிக் குழம்பு, சாயங்காலம் சுண்டல். உபவாச முகாம் என்று நினைத்து வந்த ஒரு தாத்தா மூன்று வேளையும் மனசு கஷ்டத்தோடேயே சாப்பிட்டார். அறைக்கு மூன்று கட்டில், கொசு உண்டு, வெந்நீர் ஒரே குளியலறையில்தான். லிஃப்ட் கிடையாது. கையேட்டின் எழுத்து மிகச் சிறியது, சபைக் கமிட்டிகளின் சராசரி வயது அச்சடித்தவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

வந்தபின் எங்கள் கமிட்டியில் இரண்டு நிமிஷ மௌனத்தை வைத்துப் பார்த்தோம். கூட்டம் சீக்கிரம் முடிகிறது என்று சொல்ல மாட்டேன், அதே நேரம்தான். ஆனால் முதலில் பேசுகிறவர் மாறியிருக்கிறார், சுவருக்குக் கொட்டேஷனும் வந்திருக்கிறது. செயலருக்கு இன்னும் இதில் நம்பிக்கை இல்லை. மௌனத்தில் அவர் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரியும், அதாவது நானும் கண்ணைத் திறந்துதான் பார்க்கிறேன்.

போகிறவர்கள் ஆயரை மட்டும் அனுப்பாதீர்கள், கூடவே செயலர் அல்லது பொருளாளர் போகட்டும், முடிந்தால் கமிட்டியில் வயதில் சிறியவரும். பெயர் கொடுக்கும்போதே சனிக்கிழமை யார் நடத்துகிறார் என்று கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் ஆள் மாறுகிறதாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளம் கேட்டு வாங்குங்கள், போர்வையும் கொசுவத்தியும் கையோடு எடுத்துப் போங்கள். பணம் கட்டியதும் ரசீது கேளுங்கள், முகாம் அலுவலகத்தில் கேட்டால் உடனே எழுதித் தருகிறார்கள்.