எந்த வேலைக்கு எந்தக் கூலிங் கிளாஸ்?

கூலிங் கிளாஸ் வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் அது முகத்துக்குப் பொருந்துகிறதா என்றும், அடுத்து எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். முதல் சோதனையில் தவறில்லை, இரண்டாவதுதான் ஏமாற்றுகிறது. கண்ணைக் கூசச் செய்வது நமக்குத் தெரியும் வெளிச்சம்; கண்புரைக்கும், வெள்ளை விழியிலிருந்து கருவிழியின் மேல் சதை படர்வதற்கும் காரணங்களுள் ஒன்று, நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். லென்ஸின் கறுப்பு வெளிச்சத்தைக் குறைக்கும் என்பதற்கு மேல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸை அணிந்தால், வெளிச்சம் குறைந்ததென்று கண்ணின் பாவை விரிந்துகொள்ளும். அந்த அகன்ற வாசல் வழியே கதிர் தாராளமாக உள்ளே போகும். ஆகவே, 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்பதைக் குறிக்கும் ‘யுவி 400’ தன்மை இல்லாத எதையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை.

இதை விலையைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் இயல்பாகவே பெரும்பகுதிப் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிவிடுவதால், நடைபாதைக் கடையில் வாங்கிய கண்ணாடிகூட இந்தச் சோதனையில் தேறிவிடலாம். மலிவான கண்ணாடி பெரும்பாலும் தோற்பது லென்ஸின் சீரில்தான். கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியே கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசைத்துப் பாருங்கள். கோடு நெளிந்தால், நாள் முழுவதும் அணிகிறவருக்குத் தலைவலி வர வாய்ப்புண்டு.

இனி முக்கியமான போட்டிக்கு வருவோம்: சாதாரண நிற லென்ஸா, போலரைஸ்டு லென்ஸா? தார்ச்சாலை, நீர்ப்பரப்பு, காரின் பானெட் போன்ற படுக்கைவாட்டுப் பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகவே அதிர்கிறது. போலரைஸ்டு லென்ஸில் உள்ள மெல்லிய படலம் அந்த அதிர்வை மறித்துவிட்டு, செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்வின் லாண்ட் 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த போலராய்டு படலத்தின் வழிவந்த உத்தி இது. சாதாரண லென்ஸ் காட்சி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்குகிறது. போலரைஸ்டு லென்ஸ் பளபளப்பைத் தேர்ந்தெடுத்து நீக்குகிறது. கடலிலும் ஏரியிலும் இந்த வேறுபாடு வியக்க வைக்கும். வெள்ளித் தகடுபோல் மின்னிய நீரின் அடியில் பாறையும் பாசியும் தெரியத் தொடங்கும். மீன்பிடிப்பவர்களும் படகு ஓட்டுபவர்களும் இதில் இரண்டாவது யோசனைக்குப் போகவே வேண்டியதில்லை. உப்பு நீர் பட்ட கண்ணாடியை நல்ல நீரில் அலசி வைத்தால் போதும்.

கார் ஓட்டுபவர்களுக்கும் போலரைஸ்டு லென்ஸையே பரிந்துரைப்பேன். இருசக்கர வாகனத்துக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை, ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த கைபேசியைப் படுக்கைவாட்டில் திருப்பியதும் வரைபடம் முழுவதும் கறுத்துப்போயிற்று. கைபேசி கெட்டுவிட்டதென்று வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான், குற்றவாளி என் மூக்கின் மேல் இருந்தது தெரிந்தது. சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரும் இப்படி மங்கும். மேலும், சாலையில் சிந்திய எண்ணெயை நமக்குக் காட்டிக்கொடுப்பது பல நேரங்களில் அதன் மினுமினுப்புதான். அதையும் இந்த லென்ஸ் குறைத்துவிடக்கூடும். நாள் முழுவதும் கைபேசியைப் பார்த்து முகவரி தேடும் டெலிவரி ஊழியருக்குத் தரமான சாதாரண லென்ஸே மேல்.

கறுப்பின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஊடுருவும் ஒளியைப் பொறுத்து லென்ஸ்களை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். தரமான தயாரிப்புகளில் காதில் மாட்டும் தண்டின் உட்புறத்தில் இந்த எண்ணைக் காணலாம். நம் ஊர் வெயிலுக்கு 8 முதல் 18 சதவீத ஒளியை விடும் 3-ஆம் வகை சரியாக இருக்கும். ரேபானின் புகழ்பெற்ற ஜி-15 பச்சை லென்ஸின் பெயரில் உள்ள 15 என்பதும் அது விடும் ஒளியின் சதவீதமே. 4-ஆம் வகை பனிமலைக்கு உரியது; அதை அணிந்துகொண்டு எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது. நிறத்தில், சாம்பல் நிற லென்ஸ் காட்சியின் நிறத்தை அப்படியே காட்டும். பழுப்பு லென்ஸ் மேடுபள்ளங்களை எடுத்துக்காட்டும். இரவில் வண்டி ஓட்டுவதற்கென்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியால் பயனில்லை. இருட்டில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தையும் அது குறைக்கிறது.

பவர் கண்ணாடி அணிபவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். வெயிலில் கறுத்து நிழலில் தெளியும் போட்டோகுரோமிக் லென்ஸ் அவர்களுக்கு ஒரே தீர்வுபோல் விற்கப்படுகிறது. நடந்து போகிறவருக்கு அது நல்ல வசதி. ஆனால் அந்த லென்ஸ் கறுப்பதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். காரின் முன்கண்ணாடியும் ஹெல்மெட்டின் வைசரும் அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், வெயில் சுடும் நேரத்திலும் லென்ஸ் அரைகுறையாகவே கறுக்கும். இன்னொரு வேடிக்கை, வெப்பம் ஏற ஏற இதன் கறுப்பு குறையும். ஊட்டியின் குளிரில் நன்றாகக் கறுக்கும் லென்ஸ் வேலூரின் மே மாத வெயிலில் தயங்கும். பவர் கண்ணாடியின் மேல் மாட்டிக்கொள்ளும் கிளிப்-ஆன் மலிவு, ஆனால் கழற்றி மாட்டும்போது கீழுள்ள லென்ஸில் கீறல் விழும். வண்டி ஓட்டுவதே அன்றாட வேலையாக இருந்தால், பவருடன் கூடிய கூலிங் கிளாஸ் ஒன்றைத் தனியாகச் செய்துகொள்வதுதான் செலவானாலும் தொந்தரவில்லாத வழி. கல்பட்டால் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸை அதற்குக் கேளுங்கள், கீறல் தடுப்புப் பூச்சுடன். கண்ணாடி லென்ஸ் கீறலைத் தாங்கும், ஆனால் கனமும் உடையும் அபாயமும் வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது. தண்டு மெலிதாகவும் நேராகவும் இருக்கட்டும்; ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே இரண்டையும் சேர்த்து அணிந்து, நெற்றிப்பொட்டில் அழுத்துகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள்.